ஆளில்லா நகரம் – 6: மாடிக்கு மாடி மாணவர்கள்

1990 ஜூன் மாதம் பிரமிட் என்ற சேமிப்பு நிறுவனம் கதவை இழுத்து மூடியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். மெல்பர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த நிறுவனம் அது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றவர்கள், சின்னக் கடைக்காரர்கள், வீடு வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த இளம் தம்பதிகள் என்று எல்லாத் தரப்பினரும் தவித்துப்போனார்கள்.

அந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு கடைசியில் விக்டோரியா மாநில அரசின் தலையில் விழுந்தது. பெட்ரோல் லிட்டருக்கு மூன்று சென்ட் கூடுதலாக வசூலித்தார்கள். பிரமிட்டில் ஒரு டாலர்கூடப் போடாதவர்களும் வண்டிக்கு எண்ணெய் அடிக்கும்போதெல்லாம் அந்தக் கடனைச் சுமந்தார்கள். அதே ஆண்டில், 1842 முதல் மாநிலத்தின் பெருமையாக இருந்த விக்டோரியா ஸ்டேட் பேங்க், தன் கிளை நிறுவனமான டிரைகான்டினென்டல் அள்ளிவிட்ட வாராக்கடன்களால் மூழ்கி, காமன்வெல்த் வங்கிக்கு விற்கப்பட்டது. ஆகஸ்டில் முதல்வர் ஜான் கெய்ன் பதவி விலகினார். ஜோன் கிர்னர் விக்டோரியாவின் முதல் பெண் முதல்வரானார். அவர் கையில் வந்து சேர்ந்தது வெறும் கஜானா.

நம் கதை நடக்கும் இடத்தில், அதாவது மெல்பர்னின் நடுநகரத்தில், அப்போது என்ன நிலைமை?

எண்பதுகளில் காலின்ஸ் தெருவை ஒட்டி போட்டிபோட்டுக்கொண்டு கோபுரங்கள் எழுப்பினார்கள். பழைய கட்டிடம் வைத்திருந்தவர்களும் அதைப் பராமரிக்காமல், என்றாவது இடித்துவிட்டு நாற்பது மாடி கட்டலாம் என்று காத்திருந்தார்கள். கடன் கொடுத்த நிறுவனங்கள் சரிந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடுநகர ஆபீஸ் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆளில்லாமல் கிடந்தது. "வாடகைக்கு" அட்டை இல்லாத தெருவே இல்லை.

பகலிலேயே இப்படியென்றால் இரவைக் கேட்கவே வேண்டாம். ராபர்ட் ஹாடில் 1837-இல் அளந்து போட்ட அந்தக் கட்டம் போட்ட நகரத்தில், பெரிய தெருக்கள் ஒவ்வொன்றும் 99 அடி அகலம். மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டால் ஆறரைக்குள் அந்த அகலத்தில் காற்று மட்டும்தான் நடமாடும். இந்தப் பழக்கத்துக்கு வேர் ஆழமானது. 1916 முதல் 1966 வரை, முழுதாக ஐம்பது ஆண்டுகள், விக்டோரியாவில் மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கு மூடியாக வேண்டும் என்பது சட்டம். புறநகரில் ஒரு துண்டு நிலம், அதில் தோட்டத்தோடு வீடு, வாசலில் கார் என்பதுதான் அந்த நாட்டின் கனவு. நடுநகரம் என்பது சம்பாதிக்கப் போய்வரும் இடம். 1978-இலேயே நார்மன் டே என்ற கட்டிடக் கலைஞர், நம் நகரத்தின் நடுப்பகுதி வெறுமையாய், எதற்கும் உதவாததாய்க் கிடக்கிறது என்று 'தி ஏஜ்' நாளிதழில் எழுதி ஊரை உலுக்கினார். எண்பதுகளின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது, அத்தனை பெரிய நடுநகரத்தில் குடியிருப்பு வீடுகள் சுமார் 650-தான்.

இதே எண்பதுகளில் போட்ட ஒரு திட்டம் மாநகராட்சியின் அலமாரியில் இருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரின் பெயரை இந்தத் தொடர் முழுக்க நீங்கள் சந்திக்கப்போகிறீர்கள். ராப் ஆடம்ஸ். ஜிம்பாப்வேயில் பிறந்து, கேப் டவுனில் கட்டிடக்கலை படித்து, 1983-இல் மெல்பர்னுக்கு வந்தவர். 1985-இல் வெளியான அந்தத் திட்டம், பதினைந்து ஆண்டுகளில் நடுநகரத்தில் 8,000 புதிய வீடுகள் வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 650 எங்கே, 8,000 எங்கே! படித்தவர்கள் பலர் அதைக் கனவுப் பட்டியல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்தத் திட்டம் அசையவே இல்லை. காரணம் எளிமையானது. ஒரு மனையில் ஆபீஸ் கட்டினால் கிடைக்கும் வாடகை, வீடு கட்டினால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. அந்த விலைக்கு நிலத்தை வாங்கி அதில் வீடு கட்ட எந்த பில்டருக்கும் மனம் வராது. சந்தை கொழுத்திருந்தவரை மாநகராட்சியின் நல்லெண்ணம் காகிதத்தில்தான் இருந்தது.

சரிவு வந்தது. நிலத்தின் விலை இறங்கியது. காலியாகக் கிடந்த பழைய கட்டிடங்களுக்குக் கேட்ட விலைக்குப் பாதிகூடக் கொடுக்க ஆளில்லை. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், மாநகராட்சிக்குள் இருந்த சிலருக்கு மட்டும், அலமாரியில் இருந்த அந்தத் திட்டத்துக்கு வேளை வந்துவிட்டது என்று பட்டது. பல நகரங்களின் வரலாற்றைப் புரட்டியிருக்கிறேன். வீழ்ச்சியின் அடியாழத்தில் இப்படிச் சரியான கோப்பைக் கையில் வைத்திருந்த அதிகாரிகளைப் பார்ப்பது அபூர்வம்.

1992-இல் 'போஸ்ட்கோடு 3000' பிறந்தது. 3000 என்பது மெல்பர்ன் நடுநகரத்தின் அஞ்சல் எண். அந்த எண்ணை முகவரியாக எழுதிக்கொள்ளும் மனிதர்கள் வேண்டும் என்பதே நோக்கம். மானியம் வாரி இறைக்கப் பணமில்லை. அதனால் சின்னச் சின்ன முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஆபீஸை வீடாக மாற்ற அனுமதி கேட்டால் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள், சொத்துவரியில் தள்ளுபடி செய்தார்கள். எந்தக் கட்டிடத்தை எப்படி மாற்றலாம் என்று சொல்லித்தர மாநகராட்சி ஆட்களே உட்கார்ந்தார்கள். வீடு வரும் தெருவில் நடைபாதையைச் செப்பனிட்டு மரம் வைத்துக் கொடுத்தார்கள்.

யாரும் நம்பவில்லை. வங்கிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆகவே மாநகராட்சியே ஒரு காரியம் செய்தது. லிட்டில் காலின்ஸ் தெருவில் ஒரு பழைய கட்டிடத்தை எடுத்து வீடுகளாக மாற்றி முன்மாதிரியாகக் காட்டியது.

இப்படி மாற்றுவதில் உள்ள சூட்சுமத்தைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் பின்னால் வரப்போகும் எல்லாச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. குளிர்சாதனம் வருவதற்கு முன் கட்டிய ஆபீஸ்களில் ஜன்னல்தான் கதி. குமாஸ்தா எங்கே உட்கார்ந்தாலும் பகல் வெளிச்சத்தில் கணக்கு எழுத முடிய வேண்டும். அதனால் அந்தக் கட்டிடங்கள் குறுகலாக இருக்கும், கூரை உயரமாக இருக்கும், நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வானம் பார்த்த திறப்பு இருக்கும். அதைக் குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜன்னல் தானாகவே கிடைத்துவிடும். அறுபதுகளுக்குப் பிறகு கட்டியவை அப்படியல்ல. ஏசியையும் டியூப் லைட்டையும் நம்பிக் கட்டிய அகன்ற தளங்கள். ஓரத்தில்தான் வெளிச்சம், நடுவில் இருட்டு. அங்கே வீடு வைத்தால் படுக்கையறை குகையாகிவிடும். ஆபீஸில் மாடிக்கு ஒரு கழிப்பறை வரிசை போதும். வீடென்றால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், சமையல் புகை போக வழி, தீ பிடித்தால் இறங்க வழி என்று எல்லாம் வேண்டும். எனவே இருபதுகள், முப்பதுகளில் கட்டியவையும் பழைய கிடங்குகளும்தான் முதலில் வீடுகளாயின. இடிப்பதற்காகக் காத்திருந்த கட்டிடங்களே நகரத்தைக் காப்பாற்ற வந்தன.

நான்கைந்து கட்டிடங்களில் வேலை தொடங்கியிருந்த நேரத்தில் இடி விழுந்தது. 1992 அக்டோபரில் தேர்தல் நடந்தது. கிர்னர் அரசு போய் ஜெஃப் கென்னட் முதல்வரானார். கார் பந்தயம், சூதாட்ட விடுதி என்று பெரிதாக நினைக்கும் மனிதர். 1993-இல் மெல்பர்ன் மாநகராட்சி மன்றத்தையே அவர் அரசு கலைத்தது. எல்லைகளைத் திருத்தி, மேயரும் உறுப்பினர்களும் இருந்த இடத்தில் ஆணையர்களை உட்கார வைத்தது. 1981-இல் ஒருமுறை கலைக்கப்பட்ட மன்றம், பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டாவது முறையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

போஸ்ட்கோடு 3000 அங்கேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. அரசியல்வாதிகள் போனார்கள், கோப்புகளை வைத்திருந்தவர்கள் போகவில்லை. நடுநகரத்துக்கு மக்கள் வர வேண்டும் என்பதில் புதியவர்களுக்கும் மறுப்பில்லை. ஆடம்ஸும் அவர் கூட்டாளிகளும் நடைபாதையில் தார் இருந்த இடத்தில் நீலக்கல் பதித்துக்கொண்டே போனார்கள். மெல்பர்னைச் சுற்றிக் கிடைக்கும் எரிமலைப் பாறையை அறுத்துச் செய்த கருநீலப் பலகைகள் அவை. இந்த ஆண்டு இந்தத் தெரு, அடுத்த ஆண்டு அடுத்த தெரு. முதல்வர் யாராக இருந்தாலும் கல் பதிக்கும் வேலை நிற்கவில்லை. மெல்பர்ன் எழுந்ததற்குப் பலர் பலதைக் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், சூதாட்ட விடுதியைவிட, கார் பந்தயத்தைவிட, முப்பது ஆண்டுகள் விடாமல் நடந்த இந்தக் கல் பதிப்புக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் முதல் குடியிருப்பாளர்கள் வந்தார்கள். பிள்ளைகள் தனியே போய்விட, புறநகரின் பெரிய வீட்டை விற்றுவிட்டு வந்த நடுவயதுத் தம்பதிகள் ஒரு பக்கம். ஆபீஸுக்கு நடந்து போக விரும்பிய இளம் வழக்கறிஞர்கள், வடிவமைப்பாளர்கள் மறுபக்கம். இவர்கள் வந்தபின் முதலில் மாறியவை சந்துகள். ஹாடில் போட்ட பெரிய கட்டங்களுக்குள் குப்பைத்தொட்டி வைக்கவும் குதிரைவண்டி திரும்பவும் உருவான பின்சந்துகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நூறு ஆண்டுகளாக நகரத்தின் முதுகுப்பக்கமாகக் கிடந்தவை. எண்பதுகளின் இறுதியில் மதுக்கடை உரிமச் சட்டத்தைத் தளர்த்தியிருந்தார்கள். பெரிய விடுதி நடத்தினால்தான் உரிமம் என்ற காலம் போயிருந்தது. 1994-இல் சிக்ஸ் டிகிரீஸ் என்ற இளம் கட்டிடக் கலைஞர்கள் குழு, மையர்ஸ் பிளேஸ் என்ற சந்தில் ஒரு சின்ன மதுக்கூடம் திறந்தது. பெயர்ப்பலகை போட்டுக் கூவாத, பழைய சாமான்களை வைத்தே இழைத்த ஓர் அறை. வாய்வழியாகவே செய்தி பரவி, தேடிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த சந்தில் ஒன்று, அதற்கடுத்த சந்தில் இன்னொன்று. டிகிரேவ்ஸ் தெருவில் மேஜைகள் நடைபாதைக்கு வந்தன. வீடு மேலே, காபி கீழே.

அதே 1994-இல் கோபன்ஹேகனிலிருந்து கட்டிடக் கலைஞர் யான் கேல் வந்து, தெருவில் நடப்பவர்களை, உட்கார்ந்திருப்பவர்களை, நிற்பவர்களைத் தலை எண்ணிக் குறித்து ஓர் அறிக்கை கொடுத்தார். பத்து ஆண்டு கழித்து மறுபடி வந்து எண்ணுவேன் என்பது போல, ஒவ்வொரு தெருவுக்கும் நேரத்துக்கும் கணக்கு இருந்தது. அந்த மறு எண்ணிக்கைக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

ஏனென்றால் அதற்குள் எவரும் எதிர்பாராத ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. 1985 திட்டத்தை எழுதியவர்கள் கணக்கில் எடுக்காத கூட்டம்.

ஸ்வான்ஸ்டன் தெருவை நினைவிருக்கிறதா? 1985 பிப்ரவரியில் ஒரு வார இறுதிக்கு மட்டும் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெரு முழுக்கப் பச்சைப் புல்லை விரித்து, ஊரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போன தெரு. இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். 1992-இல் அதே தெருவில் பகல்நேரக் கார் போக்குவரத்தை நிறுத்தி டிராமுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டார்கள். அந்தத் தெருவின் தென்கோடியில் ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம். வடக்கே நடந்தால் ஆர்எம்ஐடி. 1887-இல் தொழிலாளர் கல்லூரியாகத் தொடங்கி, 1992-இல் பல்கலைக்கழகமானது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் 1853-இல் தோன்றிய மெல்பர்ன் பல்கலைக்கழகம். ஒரே தெரு, ஒரே டிராம் தடம், இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள்.

ஆசிய மாணவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புதிதல்ல. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் பேசி உருவாக்கிய கொழும்புத் திட்டத்தில் இலங்கை, மலாயா, இந்தியா, பாகிஸ்தான் என்று பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து படித்தார்கள். அவர்கள் உபகாரச் சம்பளத்தில் வந்தவர்கள். புறநகரில் ஏதாவது குடும்பத்தோடு தங்கினார்கள், படித்து முடித்து ஊர் திரும்பினார்கள். எண்பதுகளின் நடுவில் கான்பெரா அரசு கொள்கையை மாற்றியது. முழுக் கட்டணம் கட்டினால் வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம் என்றது. உதவியாக இருந்த கல்வி ஏற்றுமதிச் சரக்கானது. தொண்ணூறுகளின் இறுதிக்குள் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், இந்தோனேசியா, சீனா, இந்தியா என்று விமானம் விமானமாக இறங்கினார்கள்.

அவர்களுக்கு எங்கே தங்குவது என்பதுதான் முதல் கேள்வி. கார் கிடையாது. ஊர் தெரியாது. இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து வெளியே வந்தால் நடந்து போகும் தூரத்தில் அறை வேண்டும், சூடாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கிடைக்க வேண்டும். இது அப்படியே நடுநகரத்துக்கு அளவெடுத்துத் தைத்த தேவை.

பில்டர்கள் பென்சிலை எடுத்தார்கள். சின்ன மனை போதும். கார் நிறுத்த நிலவறை தோண்ட வேண்டாம், கட்டுமானச் செலவில் பெரிய தொகை அதிலேயே மிச்சம். வீட்டைக் கட்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் காட்டி விற்றுவிட்டால் வங்கி கடன் தரும். யார் வாங்குவார்கள்? மாணவர்களின் பெற்றோர்! ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டவர் பழைய வீட்டை வாங்கக் கட்டுப்பாடு உண்டு, புதிதாகக் கட்டும் வீட்டை வாங்க வழி உண்டு. கோலாலம்பூரிலும் ஹாங்காங்கிலும் ஹோட்டல் கூடத்தில் மாதிரிப்படம் வைத்து விற்றார்கள். நான்கு ஆண்டு மகள் தங்குவாள், பிறகு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்ட அப்பாக்கள் கையெழுத்திட்டார்கள். ஸ்வான்ஸ்டன் தெருவின் வடபாதி, ஃப்ராங்க்ளின் தெரு, அ'பெக்கெட் தெரு என்று, பழைய பட்டறைகளும் அச்சகங்களும் இருந்த பல்லிடுக்கு மனைகளில் ஒவ்வொன்றாக மாணவர் அடுக்குமாடிகள் முளைத்தன.

கீழ்த்தளத்தை மூடிய சுவராகக் கட்டக் கூடாது, கடையோ ஜன்னலோ தெருவைப் பார்க்க வேண்டும் என்று மாநகராட்சி விதி வைத்திருந்தது. அந்த ஒரு விதி செய்த வேலை மகத்தானது. ஒவ்வொரு மாணவர் விடுதியின் காலடியிலும் ஓர் உணவுக் கடை வந்தது. பிறகு காய்கறிக்கடை, இணைய மையம், சலூன். பகலில் வக்கீலுக்குச் சோறு போட்ட தெரு, இரவு பதினொரு மணிக்கு மாணவனுக்குச் சூப் ஊற்றியது.

2004-இல் யான் கேல் மறுபடி வந்தார். எண்ணினார். 1992-இல் 1,008 பேர் குடியிருந்த நடுநகரத்தில் 2002-இல் 9,375 பேர் இருந்தார்கள். நடைபாதையில் மேஜை போட்ட கடைகள் 95 இருந்தது 356 ஆகியிருந்தது. வார நாள் மாலையில் தெருவில் நடப்பவர்கள் ஏறத்தாழ இரட்டிப்பு. ஆறரைக்குக் காற்று மட்டும் நடமாடிய அதே தெருக்கள்! பெண்கள் நடத்திய, பெண்களுக்கான குயின் விக்டோரியா மருத்துவமனை எண்பதுகளில் இடம் மாறிப் போனபின் வருடக்கணக்கில் பொட்டலாகக் கிடந்த பெரிய மனையை, 1999-இல் மாநகராட்சியே வாங்கியிருந்தது. அதில் ஒரே பூதாகாரக் கட்டிடம் எழுப்பாமல், நடுவே சந்துகள் விட்டு, கடைகளும் வீடுகளுமாகப் பிரித்து எழுப்பியதும் இதே சமயத்தில்தான். 8,000 வீடு என்ற கனவுப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இந்த எண்களை மட்டும் சொல்லி மெல்பர்னை மெச்சிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. நான் உங்களை ஓர் அறைக்குள் அழைத்துப் போக வேண்டும்.

கதவைத் திறந்தால் நிற்கும் இடமே சமையலறை. இரண்டு மின் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மேலே மைக்ரோவேவ். கையை நீட்டினால் குளியலறைக் கதவு. அதைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் ஒற்றைக் கட்டில். கட்டிலில் உட்கார்ந்துகொண்டே படிக்கும்படி மேஜை. மொத்தம் இருநூறு சதுர அடிக்குள். ஜன்னலைத் திறக்கலாம், சில விரற்கடை அளவுக்குத்தான். எதிரே தெரிவது பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். இது ஒற்றை அறை. இரண்டு படுக்கையறை வீடுகளில் இன்னொரு வகை உண்டு. உள்ளே தள்ளியிருக்கும் அறைக்கு வெளிச்சம் வர, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்துக்கு ஒரு குறுகிய வழி விட்டு, அதன் கோடியில் ஜன்னல் வைத்திருப்பார்கள். கட்டிலிலிருந்து பார்த்தால் வானம் ஒரு கீற்று. ஜன்னலே இல்லாமல், கூடத்துக்கு வரும் வெளிச்சத்தைக் கண்ணாடித் தடுப்பு வழியே கடன் வாங்கும் படுக்கையறைகளும் இருந்தன.

பழைய ஆபீஸ்களைப் பற்றி முன்னே பேசினோமே, வெளிச்சத்துக்காகக் குறுகலாகக் கட்டியவை என்று. அந்த முதல் வீடுகளில் ஜன்னல் தாராளம். புதிதாக, வீட்டுக்கென்றே கட்டிய கட்டிடத்தில் ஜன்னல் போயிற்று! மனையின் ஒவ்வோர் அங்குலத்தையும் அறையாக்கிய பென்சில், பகல் வெளிச்சத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டது. வீடு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அறைக்கு இப்படி வெளிச்சம் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி அப்போது விக்டோரியாவில் இல்லை. பில்டர் கேட்டார், அனுமதி கிடைத்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களே இந்தக் கட்டிடங்களுக்குள் போய் மாணவர்களிடம் பேசி எழுதினார்கள். வெளிநாட்டு மாணவர்கள் தங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களோடு மட்டும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள், உள்ளூர் மாணவர்களோடு பழக வழியே இல்லை என்று அந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. நகரம் அவர்களால் உயிர்பெற்றது, அந்த நகரத்துக்குள் அவர்கள் தனியாக இருந்தார்கள்.

இந்த அறைகூடக் கிடைக்காதவர்களும் உண்டு. நடுநகரத்தில் வாடகை ஏற ஏற, கடன் வாங்கி வந்த இந்திய மாணவர்கள் மேற்குப் புறநகர்களுக்குத் தள்ளப்பட்டார்கள். பகலில் வகுப்பு, இரவில் பெட்ரோல் பங்கிலோ ஹோட்டலிலோ வேலை, நள்ளிரவில் ஆளில்லாத ரயில், நிலையத்திலிருந்து இருட்டில் நடை. 2009-இல் அவர்கள் மீது நடந்த தாக்குதல்கள் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் முதல் பக்கம் வந்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக வந்து, ஸ்வான்ஸ்டன் தெருவும் ஃப்ளிண்டர்ஸ் தெருவும் சேரும் சந்திப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை விடிகாலையில் போலீஸ் அகற்றியது. ஆள் நடமாட்டம் இருந்தால்தான் தெரு பாதுகாப்பாக இருக்கும் என்று நடுநகரத்தில் இருபது ஆண்டு பாடுபட்டு நிரூபித்திருந்தார்கள். அந்தப் பாதுகாப்புக்குள் இடம் வாங்கப் பணம் இல்லாதவர்கள், மறுபடி அதே ஆளில்லாத தெருக்களில் இறங்கி நடந்தார்கள் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஊர்வலம் கலைந்தது. கோபுரங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. 2011-இல் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு உலகிலேயே வாழச் சிறந்த நகரம் மெல்பர்ன் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டும் மெல்பர்ன், அதற்கடுத்த ஆண்டும் மெல்பர்ன். மொத்தம் ஏழு ஆண்டுகள் அந்த இடத்தை யாரும் பறிக்கவில்லை. பட்டம் வந்தபின் எச்சரிக்கை பேசியவர்களின் குரல் எடுபடவில்லை. அஞ்சல் எண் 3000-இன் எல்லைக்குள் மனை தீரத் தீர, அலை தெற்கே ஆற்றைத் தாண்டி சவுத்பேங்குக்கும், மேற்கே பழைய துறைமுகமான டாக்லேண்ட்ஸுக்கும் பாய்ந்தது.

டாக்லேண்ட்ஸில், லா ட்ரோப் தெருவில், 2012-இல் கட்டி முடித்த ஓர் அடுக்குமாடி. பெயர் லக்ரோஸ். இருபத்துச் சொச்சம் மாடிகள், நூற்றுக்கணக்கானவர்கள். இரண்டு படுக்கையறை வீடுகளில் கூடத்திலும் மெத்தை விரித்து ஆறு பேர், எட்டுப் பேர் என்று வாடகையைப் பங்கு போட்டு நெருக்கிக்கொண்டு தங்கியிருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். உள்ளே இடமில்லாததால் பெட்டி, துணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பால்கனிக்கு வந்திருந்தன. வெளிச்சுவரில் பளபளவென்று அலுமினியத் தகடு ஒட்டியிருந்தார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

2014 நவம்பர் 25. அதிகாலை இரண்டரை மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டாவது மாடி பால்கனியில், மர மேஜை மேல், சாம்பல் கிண்ணமாக வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. அதில் யாரோ போட்டுவிட்டுப் போன சிகரெட் துண்டு முழுதாக அணைந்திருக்கவில்லை. டப்பா இளகியது. மேஜை பற்றியது. பக்கத்தில் கிடந்த சாமான்கள் பற்றின. பிறகு நெருப்பு சுவரைத் தொட்டது.

மேலே பத்துக்கும் மேற்பட்ட மாடிகள். எல்லாவற்றிலும் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூரையைத் தொட அந்த நெருப்புக்குத் தேவைப்பட்டது சுமார் பதினோரு நிமிடம்.

(தொடரும்)